புது ஸ்ப்ளெண்டரா, பழைய பல்சரா? கையில் 60 ஆயிரம், தினம் 50 கிலோமீட்டர்

10 ஆகஸ்ட் 2025, கேள்வி

"அண்ணா, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. வீடு பல்லடம் தாண்டி உள்ளே. போக வர 50 கிலோமீட்டர். ஷிப்மென்ட் நேரத்தில் ராத்திரி பஸ் கிடைப்பதில்லை. கையில் 60 ஆயிரம் இருக்கிறது. பழைய வண்டி விற்கிற கன்சல்டிங்கில் 2019 பல்சர் 150 ஒன்று பார்த்தேன். சிங்கிள் ஓனர், 28 ஆயிரம் கிலோமீட்டர், 62 சொல்கிறார்கள். அப்பா டியூ போட்டு புது ஸ்ப்ளெண்டர் எடு என்கிறார். அம்மா ஆடி முடியட்டும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?"

10 ஆகஸ்ட், இரவு

அம்மா பேச்சை. ஆடி முடிய ஒரு வாரம்கூட இல்லை. அதற்குள் அந்தப் பல்சரை யாரும் தூக்கிக்கொண்டு போய்விட மாட்டார்கள். கன்சல்டிங் கடையில் ஈ ஓட்டுகிற மாதம் இது, பேரத்துக்கு இதைவிட நல்ல மாதம் வராது. ஆடியில் பேசு, ஆவணியில் எடு.

கணக்கு போடுவோம். மாதம் 26 நாள், 1,300 கிலோமீட்டர். ஸ்ப்ளெண்டர் 60 கொடுத்தால் 22 லிட்டருக்குள் முடிந்துவிடும். ஆறு வருஷம் ஓடின 150 சிசி 45 கொடுத்தாலே பெரிய விஷயம், 29 லிட்டர் ஆகும். பெட்ரோல் 101 ரூபாயை ஒட்டி இருக்கிறது. மாதம் 700 ரூபாய்க்கு மேல் வித்தியாசம், வருஷத்துக்கு எட்டாயிரத்து ஐநூறைத் தாண்டும். பல்சரில் போகிற சுகத்துக்கு அந்தப் பணம் தகும் என்று நினைத்தால் கொடு. 23 வயதில் நானும் கொடுத்திருப்பேன்.

என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு வாதாடலாம். புதுசா பழசா என்பதைவிட யார் கையிலிருந்து வருகிறது என்பதுதான் எனக்குப் பெரிது. தெரிந்த ஆள் வைத்து ஓட்டின பழைய வண்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு பழசு. கடை வாசலில் கழுவித் துடைத்து நிற்கிற, யார் ஓட்டினார் என்றே தெரியாத வண்டி என்றால் டியூ போட்டாவது புதுசு.

நான் அவிநாசி. மெக்கானிக் இல்லை. வாங்கி, ஓட்டி, விற்று, பட்டறை வாசல் ஸ்டூலில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதுதான் எல்லாம்.

11 ஆகஸ்ட்

'சிங்கிள் ஓனர்' பற்றி. ஆர்.சி.யில் ஒரே பெயர் இருக்கிறது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். ஒரே ஆள்தான் ஓட்டினார் என்று ஆகாது. முதல் ஆள் பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30-இல் வெறும் கையெழுத்து போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். அந்தத் தாளோடு வண்டி கை மாறிக்கொண்டே இருக்கும். ஆர்.டி.ஓ. பதிவில் இன்னும் அவர்தான் ஓனர். ஓப்பனில் ஓடுகிற வண்டி என்பார்கள். ஆர்.சி.யில் இருக்கிறவரோடு ஒரு தடவையாவது போனில் பேச வேண்டும் என்று கேள். கடைக்காரர் மழுப்பினால் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு வா.

இந்த ஓப்பன் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தத்தான், பழைய வண்டி வியாபாரிகள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும் என்று 2023 ஏப்ரல் முதல் விதி இருக்கிறது. வண்டி கடைக்கு வந்ததும் அதையும் முறைப்படி தெரிவிக்க வேண்டும். நீ போகிற கடையில் அந்தச் சான்று இருக்கிறதா என்று கேட்டுப் பார். முறைக்கிறார்களா, எடுத்துக் காட்டுகிறார்களா என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

11 ஆகஸ்ட், மறுபடி

இன்னொன்று. 2019 என்றால் எந்த மாதம்? 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில் ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு ஏ.பி.எஸ். (சடாரென்று பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏற்பாடு) கட்டாயமானது 2019 ஏப்ரல் 1 முதல். ஜனவரியில் வந்த வண்டியில் இல்லாமலும் இருக்கலாம். முன் சக்கர டிஸ்க்குக்குப் பக்கத்தில் ஓட்டை ஓட்டையாகச் சின்ன வளையம் ஒன்று இருக்கிறதா பார். பல்லடம் ரோட்டில் ராத்திரி லாரிக்குப் பின்னால் வருகிறவனுக்கு அந்த வளையம் முக்கியம். ஸ்ப்ளெண்டரில் ஏ.பி.எஸ். கிடையாது, இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கிற ஏற்பாடுதான். அப்பா கட்சிக்கு இந்த ஒரு இடத்தில் அடி.

13 ஆகஸ்ட்

எப்படிப் பார்ப்பது என்று தம்பியும், ஈரோட்டிலிருந்து இன்னொருவரும் கேட்டிருக்கிறார்கள். கொஞ்சம் நீளமாகப் போகும்.

காலையில் கடை திறக்கிற நேரத்துக்கு, சொல்லாமல் போ. முதலில் என்ஜின் மேல் கை வைத்துப் பார். சூடாக இருந்தால் யாரோ ஏற்கெனவே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள். "டீ குடித்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு ஆறும் வரை திரும்பி வராதே. குளிர்ந்த என்ஜினை எழுப்பும்போதுதான் டைமிங் செயின் சத்தம், டேப்பட் சத்தம் எல்லாம் கேட்கும். பின்னால் நின்று சைலன்சரைப் பார். குளிர்காலக் காலையில் கொஞ்ச நேரம் வருகிற வெள்ளை ஆவி பரவாயில்லை. ஆக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்க நீலமாகப் புகைந்தால் ஆயில் எரிகிறது. ரிங்கா, போரா என்று மெக்கானிக் சொல்வார். எப்படியும் என்ஜின் இறக்க வேண்டிய வேலை.

அடுத்தது கிலோமீட்டர். மீட்டரில் இருக்கிற எண்ணை நம்பாதே, ரப்பரையும் இரும்பையும் பார். பிரேக் பெடல் தேய்ந்து வழவழவென்று இருக்கிறதா? கியர் லீவர் ரப்பர் புதுசாக மாட்டியிருக்கிறதா? டிஸ்க்கில் விரலை ஓட்டிப் பார், ஓரத்தில் விளிம்பு கட்டியிருந்தால் நிறைய ஓடியிருக்கிறது. டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும், முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருஷம். 2019 வண்டியில் 2023 டயர் இருந்தால் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் 28 ஆயிரம் கிலோமீட்டரில் முன் டயரும் மாறி, பின் டயர் இரண்டாவது தடவையும் மாறியிருந்தால் மீட்டர் பொய் சொல்கிறது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைச் சொன்னால் கடைசியாக எத்தனை கிலோமீட்டரில் வந்தது என்று பெரும்பாலும் பார்த்துச் சொல்வார்கள். போன் போட ஐந்து நிமிஷம், யாரும் செய்வதில்லை.

அடிபட்ட வண்டியா என்பதற்கு எல்லோரும் இண்டிகேட்டரையும் டேங்க் பெயிண்ட்டையும் பார்ப்பார்கள். அது 800 ரூபாயில் மறைகிற விஷயம். ஹேண்டில் பாரை முழுக்கத் திருப்பினால் சேஸிஸ் கழுத்தில் போய் முட்டுகிற சின்ன இரும்புத் துண்டு இருக்கும், ஸ்டாப்பர். முன்னால் போய் மோதின வண்டியில் அது நசுங்கியிருக்கும், இல்லை பெயிண்ட் உதிர்ந்திருக்கும். அதை யாரும் சரி பண்ணி வைப்பதில்லை, அங்கே பார்க்கிற ஆளும் குறைவு. அப்புறம் வண்டியை சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இன்னொருவரைப் பின்னால் உட்காரச் சொல்லி, முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாக இரண்டு பக்கமும் திருப்பு. நடுவில் ஓர் இடத்தில் 'டக்' என்று நின்றால் கோன்செட், அதாவது ஹேண்டில் திரும்புகிற பேரிங், போய்விட்டது. ஃபோர்க் பைப்பில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஆயில் சீல் போயிருக்கிறது. இரண்டும் சின்னச் செலவு, பேரத்தில் கழிக்கலாம். ஸ்டாப்பர் நசுங்கியிருந்தால் பேரமே வேண்டாம்.

சீட்டைக் கழற்றிப் பார். சீட்டுக்கு அடியில், ஒயர்கள் கூடுகிற இடத்தில், ஹெட்லைட் டூமுக்குள் காய்ந்த மண் இருந்தால் தண்ணீரில் நின்ற வண்டி. 2023 டிசம்பரில் முதலில் சென்னை, அடுத்து தூத்துக்குடி, திருநெல்வேலி என்று வெள்ளத்தில் மூழ்கின வண்டிகள் எங்கெங்கோ போய்விட்டன. டி.என்.69, டி.என்.72 என்றாலே வெள்ள வண்டி என்று சொல்லவில்லை, அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வந்துவிடாதீர்கள். நம் டி.என்.39, டி.என்.42 பகுதியில் அந்த எண்களைப் பார்த்தால் சீட்டைக் கழற்றிப் பாருங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

13 ஆகஸ்ட், சற்று முன்

சேலத்திலிருந்து ஒருவர் 'ஒரு நல்ல யமஹா ஆர்எக்ஸ்100 வாங்கிக் கொடுங்களேன்' என்கிறார். 1996-இல் நிறுத்தின வண்டி. இன்று புது 150 சிசியின் விலை சொல்கிறார்கள், அதைவிட அதிகமும் சொல்கிறார்கள். அதற்கு மெக்கானிக்கைக் கூட்டிப்போகாதீர்கள், வில்லங்கம் பார்க்கிற வக்கீலைக் கூட்டிப்போங்கள்.

16 ஆகஸ்ட்

தம்பி, நில். நேற்று செங்கோட்டையில் பிரதமர் தீபாவளிக்குள் ஜி.எஸ்.டி. குறையும் என்று சொல்லியிருக்கிறார். வண்டிக்கு எவ்வளவு என்று இன்னும் தெளிவாகவில்லை. இப்போது 28 சதவீதம். அது குறைந்தால் புது வண்டி விலை இறங்கும், புது வண்டி இறங்கினால் பழைய வண்டியும் இறங்கியே ஆக வேண்டும். இந்த நிலையில் எதற்கும் முன்பணம் கொடுக்காதே. ஆடி முடிந்தது என்று அவசரப்படாதே.

18 ஆகஸ்ட்

இன்சூரன்ஸ் பற்றி மேலே ஒருவர், பழைய வண்டி வாங்கின உடனே பாலிசி செத்துவிடும் என்று எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. மூன்றாம் நபர் காப்பீடு வண்டியோடு வந்துவிடும், சட்டமே அதைச் சொல்கிறது. ஆனால் 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். நம் வண்டிக்கு அடி என்றால் கிடைக்கிற காப்பீடு, ஓட்டுகிறவர் விபத்துக் காப்பீடு இவையெல்லாம் பெயர் மாறாமல் கைக்கு வராது. விபத்துக் காப்பீடு 15 லட்சம் ரூபாய் பாலிசி, அது ஓனர் பெயருக்குத்தான். ஆர்.சி. இன்னொருவர் பெயரில் இருந்தால் உன் வீட்டுக்கு ஒன்றும் வராது. பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸும் (கிளெய்ம் கேட்காத வருஷங்களுக்காகக் கிடைக்கிற பிரீமியத் தள்ளுபடி) வண்டியோடு வராது, அது அவருடைய சொத்து.

2018 செப்டம்பர் முதல் புது இரு சக்கர வண்டிக்கு ஐந்து வருஷ மூன்றாம் நபர் காப்பீடு சேர்த்தே எடுக்க வேண்டும். 75 முதல் 150 சிசி வரை அது 3,851 ரூபாய், வரி தனி. அப்படிப் பார்த்தால் 2019 பல்சரின் ஐந்து வருஷம் 2024-இலேயே முடிந்துவிட்டது. 'இன்சூரன்ஸ் கரண்ட்' என்று கடைக்காரர் சொன்னால் காகிதத்தைக் கண்ணால் பார். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டாலும் தெரியும். இ-சலான் பாக்கியையும் அப்படியே பார்த்துவிடு, ஹெல்மெட் போடாமல் போனதற்கெல்லாம் நீ கட்டிக்கொண்டிருக்காதே.

19 ஆகஸ்ட்

விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இங்கே நான்கு பேர் 'ஃபார்மில் கையெழுத்து போட்டுக் கொடுத்தாச்சு, நம் வேலை முடிந்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். முடியவில்லை. மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள், வாங்கினவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். 2018-இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. கார் பலர் கை மாறியும் ஆர்.சி.யில் பெயர் மாறவே இல்லை, விபத்து நடந்துவிட்டது. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓனர், இழப்பீடும் அவர் பொறுப்பு என்று தீர்ப்பு. எப்போதோ விற்ற வண்டிக்கு இன்று சம்மன் வரலாம். என் மச்சானுக்கு வந்தது சம்மன் இல்லை, வேகமாகப் போனதற்கு இ-சலான். அதுவும் அவன் வாழ்நாளில் போகாத ஊரிலிருந்து.

24 ஆகஸ்ட்

தம்பி போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதியிருக்கிறான். என்ஜின் சூடாக இல்லை, புகை இல்லை, ஏ.பி.எஸ். வளையம் இருக்கிறது, ஸ்டாப்பரும் நன்றாக இருக்கிறது. டிஸ்க்கில் விளிம்பு கட்டியிருக்கிறது. பிரேக் பெடல் பளபளவென்று இருக்கிறது. சர்வீஸ் சென்டரில் கேட்டால் 2021-இல் கடைசியாக வந்தபோதே 31 ஆயிரமாம்.

2021-இல் 31. இப்போது 28. வண்டி பின்னால் ஓடியிருக்கிறது.

கடைக்காரர் சொன்ன பதில்: "மீட்டர் ரிப்பேர் ஆகி மாற்றினது தம்பி." உண்மையாகவும் இருக்கலாம், மீட்டர் மாற்றுவது நடக்கிறதுதான். என் கேள்வி, அதை ஏன் முதலில் சொல்லவில்லை என்பதுதான். 60 ஆயிரமோ 70 ஆயிரமோ ஓடின பல்சர் கெட்ட வண்டி என்று நான் சொல்ல மாட்டேன், ஆயிலை ஒழுங்காக மாற்றியிருந்தால் இன்னும் ஓடும். 42-க்குத் தந்தால் நானே வாங்குவேன். 62-க்கு அது 28 ஆயிரம் ஓடின வண்டியாக இருந்தால்தான் சரி.

விலை பற்றிக் கேட்டவர்களுக்கு ஓர் அளவுகோல். இன்சூரன்ஸில் ஐ.டி.வி., அதாவது வண்டியின் காப்பீட்டு மதிப்பு, போடுகிற கழிவுப் பட்டியல் இருக்கிறது: ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஒரு வருஷம் வரை 15, இரண்டு வருஷம் வரை 20, மூன்று வரை 30, நான்கு வரை 40, ஐந்து வரை 50. அதற்குமேல் பேசி முடிவு பண்ணுவது. சந்தை விலை இதையே பின்பற்றாது, ஸ்ப்ளெண்டர் இதைவிட மேலே நிற்கும், ஓடாத மாடல்கள் கீழே போகும். ஆனால் கடைக்காரர் முன் இதை எடுத்து வைத்தால் பேச ஓர் இடம் கிடைக்கும்.

4 செப்டம்பர்

வந்துவிட்டது. நேற்று ராத்திரி ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவு. 350 சிசி வரை 28-லிருந்து 18 ஆகிறது, செப்டம்பர் 22 முதல், நவராத்திரி முதல் நாள். 350-க்கு மேல் 40. அதாவது பெரிய வண்டிக்காரர்களுக்கு ஏற்றம், நமக்கு இறக்கம்.

80 ஆயிரம் என்றிருந்த ஷோரூம் விலை 73,750-க்கு வர வேண்டும். கழித்துப் பார்த்தால் 6,250 ரூபாய். அதற்குமேல் வாழ்நாள் வரி இருக்கிறது. 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் அது ஒரு லட்சம் வரையுள்ள இரு சக்கர வண்டிக்கு 8-லிருந்து 10 சதவீதமாகவும், அதற்குமேல் 12 ஆகவும் ஏறியது. அந்த ஏற்றம் அப்படியே இருக்கும். ஆக ஆன்ரோடு விலை எப்படியும் 90-ஐ ஒட்டி வரும். 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்று பில்லில் எழுதினால் அது எதற்கு என்று எழுதிக் கேள். ஹெல்மெட்டும் கேள், வண்டியோடு தர வேண்டும் என்று விதி இருக்கிறது.

செப்டம்பர் 22-க்கு முன் யாரும் எதையும் வாங்காதீர்கள். பழசையும்தான்.

7 செப்டம்பர்

டியூ பற்றி. இதைச் சொல்லாவிட்டால் அப்பா கட்சிக்கு நான் ஏஜென்ட் ஆகிவிடுவேன்.

ஷோரூமில் உட்கார்ந்திருக்கிற ஃபைனான்ஸ் பையன் '12 பர்சன்ட்தான் அண்ணா' என்பான். ஃப்ளாட்டா என்று கேள். 60 ஆயிரம் கடன், மூன்று வருஷம், 12 சதவீதம் ஃப்ளாட் என்று வைத்துக்கொள். வட்டி 21,600, மாதம் 2,267 ரூபாய். நீ மாதாமாதம் அசலைக் குறைத்துக்கொண்டே வருகிறாய், ஆனால் வட்டி மட்டும் முழு 60 ஆயிரத்துக்கும் ஓடுகிறது. குறையும் அசலுக்கு வட்டி போடுகிற பேங்க் கணக்கில் இது ஏறக்குறைய 21 சதவீதம். சம்பளக் கணக்கு இருக்கிற பேங்கில் முதலில் கேட்டுவிட்டு அப்புறம் ஷோரூமுக்குப் போ.

அதனால் மேலே நான் சொன்ன 'டியூ போட்டாவது புதுசு' என்பதில் ஒரு சின்னத் திருத்தம். டியூவின் வட்டி 20 ஆயிரத்தைத் தாண்டினால், அந்த 20 ஆயிரத்தில் ஒரு பழைய வண்டிக்கு முழு என்ஜின் வேலை பார்த்துவிடலாம். தெரியாத ஆள் வண்டியையும் அப்போது யோசிக்கலாம். மெக்கானிக்கைக் கூட்டிப்போய், அவருக்கு 500 ரூபாய் கொடுத்து, பார்த்த பிறகு.

ஆனால் டியூ கட்டாததால் ஃபைனான்ஸ்காரர் சீஸ் பண்ணின வண்டி மலிவு என்று யாராவது சொன்னால் கூடுதல் கவனம். கடன் வாங்கினவர் பெயரிலேயே ஆர்.சி. இருந்தால் ஃபைனான்ஸ் கம்பெனி முதலில் ஃபார்ம் 36 போட்டுத் தன் பெயருக்கு மாற்றிய பிறகே உனக்கு விற்க முடியும். 'நாளைக்கு வந்துவிடும்' என்கிற ஆர்.சி. பல தீபாவளி பார்த்துவிடும்.

14 செப்டம்பர்

ஞாயிற்றுக்கிழமை, பேச்சு எங்கேயோ போய்விட்டது. 'அந்தக் காலத்து வண்டி இரும்பு, இந்தக் காலத்து வண்டி பிளாஸ்டிக்' என்று கோபியிலிருந்து ஒருவர். இருக்கட்டும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததிலிருந்து ஸ்ப்ளெண்டரே கார்பரேட்டரை விட்டு ஃப்யூயல் இன்ஜெக்ஷனுக்கு வந்துவிட்டது. கார்பரேட்டர் வண்டி ராத்திரி நடுவழியில் நின்றால் ஸ்பேனரும் ஊதுகிற வாயும் போதும். இன்ஜெக்ஷன் வண்டி பெரும்பாலும் நிற்காது, நின்றால் ஸ்கேனர் வைத்திருக்கிற ஆள் வேண்டும். பழைய வண்டி வாங்குகிறவருக்கு, அதற்கு முந்தைய பி.எஸ்.4 கார்பரேட்டர் வண்டியின் கவர்ச்சி அதுதான். எனக்கும் அதுதான் பிடிக்கும், ஆனால் தினம் 50 கிலோமீட்டர் போகிறவனுக்கு நிற்காத வண்டிதான் நல்லது.

20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பற்றியும் பயம் கிளப்புகிறார்கள். 10 சதவீதத்துக்கு அமைத்த இரு சக்கர வண்டிகளில் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. 60 கொடுத்த வண்டி 58 கொடுக்கும். ரப்பர் குழாய்கள் கெடலாம், பழைய வண்டி வாங்கினால் பெட்ரோல் டியூபை மாற்றிவிடு, தேநீர்க் காசு. மாதக்கணக்கில் டேங்கில் பெட்ரோலோடு நிறுத்தி வைத்த வண்டியில்தான் தொல்லை அதிகம். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் இந்த ரப்பர் கவலை இல்லை.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் கேட்டவருக்கு: புதுசு என்றால் யோசிக்கலாம், வீட்டில் சார்ஜ் போட இடம் இருந்தால். பழசு வேண்டாம். பேட்டரியின் உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து பார்க்க முடியாது.

23 செப்டம்பர்

திருப்பூரில் ஒரு வேலையாகப் போனவன் அந்தக் கன்சல்டிங் பக்கமும் எட்டிப் பார்த்தேன். பல்சர் அதே இடத்தில் நிற்கிறது. இப்போது 54. 'ஜி.எஸ்.டி. வந்து எங்கள் பிழைப்பைக் கெடுத்துவிட்டது' என்கிறார். மீட்டரில் அதே 28 ஆயிரம்தான்.

3 அக்டோபர்

ஆயுத பூஜைக்கு ஷோரூம்களில் கூட்டம் நெருக்கித் தள்ளியதாம். கேட்ட கலர் இல்லை, டெலிவரி தள்ளிப் போகிறது. தம்பி அதற்குள் வேறு செய்தி கொண்டுவந்திருக்கிறான். அவன் ஊர்ப் பால் சொசைட்டியில் வேலை பார்க்கிறவர் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கிவிட்டாராம், அவருடைய 2022 ஸ்ப்ளெண்டரை விற்கிறார். 52 சொல்கிறார். பி.எஸ்.6, 34 ஆயிரம் கிலோமீட்டர், சர்வீஸ் புக் முழுக்க இருக்கிறது. தினமும் விடிகாலையில் அவர் போவதை இவன் வீட்டு வாசலிலிருந்து பார்த்திருக்கிறான்.

பெயருக்கு ஒரு தடவை மெக்கானிக்கிடம் காட்டு. அப்புறம் பேரம். 48-க்கு வருவார். ஐந்து வருஷ மூன்றாம் நபர் காப்பீடு 2027 வரை இருக்கும், அதை விலையில் சேர்த்துப் பார். கையில் மிச்சம் 12 ஆயிரம் நிற்கும், மாதம் 2,267 ரூபாய் கட்ட வேண்டியதில்லை. ஒரே குறை ஏ.பி.எஸ். இல்லாதது. எனக்கு அது இன்னும் உறுத்துகிறது. ராத்திரி ஷிப்மென்ட் முடிந்து வருகிற நாட்களில் மெதுவாக வா என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

4 அக்டோபர்

அப்பா ஒப்புக்கொள்ளவில்லையாம். 'ஊரான் ஓட்டின வண்டி' என்கிறாராம். அவரை சொசைட்டிக்காரரோடு ஒரு டீ குடிக்க வை. மாப்பிள்ளை விசாரிக்கிற மாதிரி அவரே விசாரித்துவிடுவார்.

12 அக்டோபர்

48,500-க்கு முடிந்தது. நல்லது. இப்போது செய்ய வேண்டியவை, அவசர வரிசையில்.

சொசைட்டிக்காரர் கடன் கட்டி முடித்துவிட்டார், சரி, ஆனால் ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் இன்னும் இருக்கிறது என்கிறாய். இது எல்லா வீட்டிலும் நடக்கிறது. கடைசி டியூ கட்டின அன்றே எச்.பி., அதாவது ஆர்.சி.யில் இருக்கிற அந்தக் கடன் பதிவு, தானாகப் போய்விடாது. ஃபைனான்ஸ் கம்பெனியிடம் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்கிற சான்று), அவர்கள் கையெழுத்திட்ட ஃபார்ம் 35-ம் வாங்க வேண்டும். அவர் வாங்கித் தர வேண்டும், நீ இல்லை. அதற்காக ஐயாயிரம் ரூபாயை நிறுத்தி வைத்துக்கொள். மனுஷர் நல்லவர்தான், ஆனால் பணம் கைக்கு வந்த பிறகு நல்லவர்களும் மறந்துவிடுகிறார்கள்.

எச்.பி. போனதும் 29, 30-இல் கையெழுத்து. ஃபார்மை நிரப்பின பிறகு கையெழுத்து வாங்கு, வெற்றுத் தாளில் வேண்டாம். பரிவாகன் தளத்தில் விண்ணப்பிக்கும்போது பதிவில் இருக்கிற அவருடைய கைபேசிக்கு ஓ.டி.பி. போகும், பக்கத்தில் அவரை உட்கார வைத்துக்கொள். உன் எண்ணையும் முகவரியையும் எழுத்து எழுத்தாகச் சரிபார். 2024 பிப்ரவரி கடைசியிலிருந்து ஆர்.சி. ஸ்பீடு போஸ்ட்டில்தான் வருகிறது, கதவு எண் தப்பினால் அது ஆர்.டி.ஓ. ஆபீசுக்கே திரும்பிவிடும்.

வண்டிக்கு: என்ஜின் ஆயில், ஏர் ஃபில்டர், இரண்டு பிரேக் ஷூ, பெட்ரோல் டியூப். செயின் ஸ்ப்ராக்கெட்டை இழுத்துப் பார், 34 ஆயிரத்தில் அது ஒரு தடவை மாறியிருக்க வேண்டும், சர்வீஸ் புக்கில் தேடு. சீட் கவர், ஸ்டிக்கர் எல்லாம் பொங்கலுக்குப் பார்த்துக்கொள்ளலாம். சாரி கார்டைக் கழற்றினால் அம்மா திட்டுவார், விட்டுவிடு.

13 அக்டோபர்

'இவ்வளவு பேசிவிட்டுக் கடைசியில் பழைய ஸ்ப்ளெண்டரா?' என்று சேலத்துக்காரர். ஆமாம். ஆர்எக்ஸ்100 கிடைத்ததா உங்களுக்கு?

9 நவம்பர்

என்.ஓ.சி. வந்துவிட்டதாம், எச்.பி. எடுத்தாகிவிட்டது, பெயர் மாற்றம் விண்ணப்பத்தில் நிற்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத 14 நாள் என்று மேலே சொன்னேன், அதை இவன் ஆர்.சி. வரட்டும் என்று வைத்திருக்கிறான். ஆர்.சி.க்காகக் காத்திருக்காதே. விற்பனைக் கடிதம், ஃபார்ம் 29, 30 நகலோடு இன்றே மெயில் அனுப்பிவிடு, தேதி பதிவாகட்டும். மிச்சத்தைப் பின்னால் கேட்பார்கள்.

கோபிக்காரர் பழைய புல்லட் கேட்டிருக்கிறார், பட்ஜெட் ஒன்றே கால் லட்சம். எது வேண்டும் என்பதை வருஷத்தை வைத்து முடிவு பண்ணலாம். கிளாசிக் 350 என்றால் 2021 செப்டம்பரிலிருந்தும், புல்லட் 350 என்றால் 2023 செப்டம்பரிலிருந்தும் புது என்ஜின், அதிர்வு குறைவு. அதற்கு முந்தையதில் அந்தப் பழைய தடதட இருக்கும், கைப்பிடியில் கை மரத்துப்போகும், நட்டுகளை அடிக்கடி இறுக்க வேண்டும். பழையதற்கு என்று ஆசைப்படுகிறவர்கள் அந்தச் சத்தத்துக்குத்தான் பணம் கொடுக்கிறார்கள், அதில் எனக்கு வாதம் இல்லை. சைலன்சர் மாற்றியிருந்தால் கம்பெனி சைலன்சரையும் சேர்த்துக் கேளுங்கள், போலீஸ் பிடித்தால் மாட்ட வேண்டியிருக்கும். ஸ்டாப்பரைப் பாருங்கள், டயர் தேதியைப் பாருங்கள், ஆர்.சி.யில் இருக்கிறவரோடு பேசுங்கள். 350 சிசிக்குள் வருவதால் புதுசும் இறங்கியிருக்கிறது, முதலில் ஷோரூமில் ஆன்ரோடு விலையை எழுதி வாங்கிக்கொண்டு அப்புறம் பழசைப் பார்க்கப் போங்கள்.